பங்கு என்னும் சொல்: தூத்துக்குடியின் பொருளும் மரபும்



ஓர் ஊரின் வரலாற்றை அவ்வூர் மக்கள் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லிலிருந்தே தொடங்கி எழுதிவிட முடியும். தூத்துக்குடிக்கு அத்தகைய சொல் ஒன்று உண்டு. 'பங்கு' என்பதே அது. படகு கரை சேர்ந்து, மீன் விலைபோன பின்னர், செலவு நீங்க எஞ்சிய பணத்தைப் படகுக்கும் வலைக்கும் ஆளுக்குமாகப் பிரித்துக்கொள்வதற்குப் பங்கு என்று பெயர். பனிமய மாதா பேராலயத்தைச் சூழ்ந்து வாழும் கத்தோலிக்க மக்கள் தம் ஆலய வட்டத்தையும் பங்கு என்பர். அதன் குருவானவர் பங்குத்தந்தை. 1906-ஆம் ஆண்டில் வ.உ.சிதம்பரம் பிள்ளை கப்பல் விடுவதற்காக மக்களிடம் விற்றதும் பங்கே. உழைத்தவனின் கூலி, வழிபடுவோரின் வட்டம், வணிகத்தின் முதல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

பொருளாதாரம் என்றால் துறைமுகமும் ஆலையும் உப்பளமும். மரபு என்றால் பழைய ஆலயமும் கல்வெட்டும் அகழாய்வுக் குழியும் என இரண்டாகப் பிரித்து வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. முன்னதைப் பொறியாளரும் வணிகரும் பேசுவர். பின்னதைப் புலவரும் ஆய்வாளரும் பேசுவர். தூத்துக்குடியைப் பொறுத்தவரை இப்பிரிவு பொருந்தாது. அங்கே மரபு என்பதே கடலிலிருந்து பொருளை எடுத்த முறையும், எடுத்ததைப் பகிர்ந்த முறையுமாகும். எவ்வளவு எடுப்பது, எப்போது எடுப்பது, யாருக்கு எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளும் அக்கரையில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றன. அக்கேள்விகளின் வழியே அந்நகரைக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

கொற்கையின் முத்தும் குளித்தவனும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் கொற்கை இருக்கிறது. பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய அவ்வூர், ஆறு கொணர்ந்த வண்டலால் கடலைப் பிரிந்து, இன்று வயல்கள் சூழ்ந்த சிற்றூராகக் காட்சி தருகிறது. மதுரைக்காஞ்சி, அகநானூறு, ஐங்குறுநூறு முதலிய சங்க நூல்கள் அதன் முத்தைப் பேசுகின்றன. 1968-69-இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. கிரேக்க நூலார் கொல்கை எனக் குறித்த ஊர் இதுவே என முன்னரே சொன்னவர் கால்டுவெல். அவரும் அங்கு மண்ணைத் தோண்டிப் பார்த்தவரே.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்புளுஸ் என்னும் கடற்பயண நூல் பாண்டியரின் இத்துறையைக் குறிக்கும்போது, அங்கு முத்துக்குளிப்பவர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அந்நூலை எழுதிய வணிகன் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறான். ஆனால் அவ்வரி சிந்திக்கத் தக்கது. யவன நாட்டுச் செல்வப் பெண்டிர் காதில் அணிந்த முத்தை, சிறைப்பட்ட ஒருவன் மூச்சடக்கி எடுத்திருக்கிறான் எனின், அவனுக்கு அதில் பங்கு ஏதும் இருந்திருக்க முடியாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலைக் கண்ட மார்க்கோ போலோ வேறொரு காட்சியைத் தருகிறார். எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. குளிப்போரைச் சுறாமீன் தீண்டாதபடி மந்திரம் ஓதிக் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு. அம்மந்திரக்காரரைப் பிற்காலத்தில் கடல்கட்டி என்றே மக்கள் அழைத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியிலும் கடல்கட்டி இன்றிக் குளிப்போர் கடலில் இறங்க மறுத்தமையால், அவ்வரசும் அவர்களுக்கு இடமளித்தது. அச்சத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலை கணக்கில் ஏற வேண்டும் என்பதையும் அக்கடற்கரை அறிந்திருந்தது.

கல் என்னும் அளவு

முத்துக்குளிப்பைத் 'தண்ணீரில் மூழ்கி முத்தெடுத்தல்' என்று சொல்லிவிட்டால் அதன் பொருளியல் புலப்படாது. அத்தொழில் நடந்த முறையைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

கடலடியில் சிப்பி படியும் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். தொலையிரம் பார் போன்று ஒவ்வொன்றுக்கும் கடலோடிகள் இட்ட பெயர் உண்டு. சிப்பி எல்லா ஆண்டும் படிவதில்லை. படிந்தவை எல்லாம் வளர்வதும் இல்லை. நீரோட்டம் இளஞ்சிப்பியை அடித்துச் செல்லும், மணல் மூடும், மீன்கள் தின்னும். ஆகவே முதலில் பாரைப் பார்வையிடுவர். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துப் பிளந்து, அவற்றில் கிடைத்த முத்தை மதிப்பிடுவர். சிப்பிக்கு வயது போதாதெனின் அவ்வாண்டு கடலைத் தொடமாட்டார்கள். மதிப்புத் தேறினால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும். ஒரு சலாபத்துக்கும் மறு சலாபத்துக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவதுண்டு.

சலாபம் கூடியதும் கடற்கரையில் ஒரு நகரமே எழும். குளிப்போர் இருவர் இருவராக இணைந்து, ஒருவர் மூழ்க மற்றவர் ஓய்வார். கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை ஊன்றி அடிக்கு இறங்குவர். ஒரு நிமிடமோ சற்றுக் கூடுதலோ மூச்சை அடக்கிச் சிப்பியை வாரிக் கூடையில் இடுவர். கயிற்றை அசைத்ததும் மேலிருப்பவர் இழுத்துவிடுவார். அவ்விழுப்பவரின் கையில் குளிப்பவரின் உயிர் இருக்கிறது. கரைக்கு வந்த சிப்பியை அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்நாற்றத்தினிடையே கழுவி முத்தைப் பிரிப்பர். பிறகு துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, ஆணிமுத்து முதல் தூள் வரை தரம் பிரிப்பர். அரசியின் கழுத்தில் ஒளிரும் முத்தின் பிறப்பிடம் இத்தகையது.

போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர் காலத்தில் இத்தொழிலின் வரியும் உரிமையும் கல் என்னும் கணக்கில் அளக்கப்பட்டன. குளிப்பவர் காலூன்றி இறங்கிய அதே கல்தான் அது. மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், கோயில்களுக்கு இத்தனை கல் என உரிமைகள் வரையறுக்கப்பட்டிருந்தன. பரதவரின் சாதித்தலைவருக்கும் உரிமை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கில அரசு நடத்திய சலாபங்களில் குளிப்போர்க்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு சிப்பி, எஞ்சியது அரசுக்கு. அரசு தன் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. பெரிப்புளுஸ் குறித்த குற்றவாளி நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வந்து சேர, அக்கடற்கரைக்குப் பதினெட்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

அச்சேறிய பங்கு

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கிறித்தவம் தழுவினர். கடலில் தொழிலுரிமை குறித்து எழுந்த பூசலில் போர்ச்சுக்கீசியரின் காவலை நாடிக் கொச்சிக்குத் தூது சென்றதே அதன் தொடக்கம். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழைக் கற்று, தமிழிலேயே எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் ஆக்கித் தந்தது. 1586-இல் அவர்தம் 'அடியார் வரலாறு' அச்சேறியது. அது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதாகக் கொள்வர். அவ்வச்சுப் பணிக்குப் பொருள் நல்கியவர் முத்துக்குளித்துறைப் பரதவரே என்பர்.

இந்தியாவில் அச்சுக்கண்ட முதல் மொழிகளுள் தமிழும் ஒன்று எனப் பெருமை பேசாத இலக்கிய மேடை இல்லை. அப்பெருமைக்குப் பின்னால் மூச்சடக்கிய மனிதரின் பங்கு உண்டு என்பது மேடைகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது. எழுத்தறியாத பலரும் தம் வருவாயில் ஒரு பகுதியை எழுத்துக்குக் கொடுத்திருக்கின்றனர். நூல் ஒன்றை வெளியிடப் பொருள் தேடி அலையும் இன்றைய பாவலர்க்கு இச்செய்தி ஆறுதலும் தரும், நாணமும் தரும்.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். முத்தும் சங்கும் துணியும் அவர்களுடைய வணிகப் பொருள்கள் ஆயின. இக்கடலின் சங்கு வங்கத்துக்குச் சென்று, அறுக்கப்பட்டு, மணமான பெண்டிரின் வளையாயிற்று. பனிமய மாதா ஆலயம் ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலேயே, 1713-இல் எழுந்தது. கத்தோலிக்கர் அல்லாத ஆட்சியாளரின் கண்முன்னே கத்தோலிக்கப் பரதவர் கட்டிய ஆலயம் அது. 1982-இல் அது பேராலயம் என்னும் தகுதி பெற்றது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5-ஆம் நாள் நிறைவுறும் அதன் விழாவில் சமயம் கடந்து மக்கள் கூடுகின்றனர். 1825-இல் நகர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாக மாறியது.

இருபத்தைந்து ரூபாய்

ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியின் பொருளியல் கடலை விட்டுக் கரிசலை நோக்கித் திரும்பிற்று. 1876-இல் இருப்புப்பாதை வந்தது. திருநெல்வேலிச் சீமையின் பருத்தியும் நிலவாகை இலையும் இத்துறை வழியே வெளிநாடு சென்றன. கடல் ஆழமற்றது, நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட, கரையிலிருந்து தோணிகளே சரக்கை ஏற்றிச் சென்றன. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் தூத்துக்குடியில்தான் கப்பலேறினர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழருள் ஒரு பகுதியினர் கடைசியாகக் கண்ட தமிழ்க்கரையும் இதுவே.

அவ்வழியில் கப்பல் விடும் உரிமையை ஓர் ஆங்கிலக் கும்பினி தன் கைக்குள் வைத்திருந்தது. அதனை எதிர்த்து 1906 அக்டோபர் 16-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. முதல் பத்து லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்று 25 ரூபாய். அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவர். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த அதே வள்ளல்தான் அவர். ஹாஜி முகமது பக்கீர் சேட்டு இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். தமிழ்ச் சங்கத் தலைவரும் இசுலாமிய வணிகரும் வழக்கறிஞரும் சிறு கடைக்காரரும் ஒரே ஏட்டில் பங்காளிகளாகப் பெயர் எழுதிக்கொண்டனர். பத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று என மேலிருந்து அளந்து தரப்பட்ட பங்கு, அன்று முதன்முறையாகக் கீழிருந்து திரட்டப்பட்டது. 1907-இல் கலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

வ.உ.சி. கப்பலோடு நின்றிருந்தால் அவர் வணிகராக மட்டுமே நினைக்கப்பட்டிருப்பார். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது அவரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். விடியுமுன் ஆலைக்குள் புகுந்து இருட்டியபின் வெளிவந்த அம்மக்கள் கேட்டவை கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும். சில நாள்களிலேயே நிருவாகம் இணங்கிற்று. கப்பலில் பங்கு கேட்டவனை அரசு பொறுத்திருந்தாலும் பொறுத்திருக்கும். உழைப்பவனின் பங்கையும் சேர்த்துக் கேட்டவனை அது பொறுக்கவில்லை. மார்ச் 12-இல் அவர் சிறைப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலை மாதம் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்தார். போட்டிக் கும்பினி கட்டணத்தைத் தாழ்த்தித் தாழ்த்தி, இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. 1911-இல் சுதேசிக் கம்பெனி கலைந்தது.

1912 இறுதியில் விடுதலையான வ.உ.சி.யிடம் பொருள் இல்லை. அவ்வறுமையில் அவர் செய்தவற்றுள் ஒன்று, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை இளம்பூரணர் உரையோடு பதிப்பித்தது. தம் வரலாற்றை அகவற்பாவில் எழுதினார். 'மெய்யறம்' முதலிய நூல்களையும் இயற்றினார். கப்பல் பொருளும் இலக்கணப் பொருளும் அவருக்கு வேறு வேறு உலகங்களாக இருக்கவில்லை. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியிலேயே அவர் மறைந்தார். 1974-இல் பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பங்கெல்லாம் இழந்தவரின் பெயர் துறைமுகத்தின் முகப்பில் ஏறியிருக்கிறது. அது மரபுக்குச் செய்த மரியாதை. ஆயின் அவர் கேட்ட கேள்வியும் அப்பெயரோடு முகப்பில் ஏறியதா என்பது வேறு செய்தி.

பாத்தியில் விளையும் வெண்மை

முத்து இல்லாத ஆண்டிலும் தூத்துக்குடிக்குச் சோறிட்டது உப்பு. உமணர் என்றும் அளம் என்றும் சங்கப் புலவர் வழங்கிய சொற்களில் உமணர் மறைந்தனர். அளம் மட்டும் உப்பளம் என இன்றும் உயிரோடிருக்கிறது. மழை குறைவு, காற்று மிகுதி, வெயில் கடுமை எனப் பிற ஊர்க்குக் குறையாகும் மூன்றும் இங்கே முதலாகின்றன. உப்புநீரைப் பெரும் பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுவர். அதன் செறிவைப் பாகை எனக் கருவியால் அளப்பர். முதலில் சுண்ணச்சத்தும் பின்னர் ஜிப்சமும் படியும். ஏறத்தாழ 25 பாகையில் உப்பு பூக்கும். 30 பாகையை நெருங்குமுன் கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும். தவறினால் உப்பு கசக்கும். இதுவும் காத்திருத்தலும் அளவறிதலும் கூடிய தொழிலே.

ஆனால் முத்துக்குளிப்பில் இருந்த ஒன்று இங்கே இல்லை. உப்பளத்தில் வேலை செய்பவர்க்குப் பங்கு கிடையாது, நாட்கூலி மட்டுமே. வாருபலகையால் உப்பை இழுப்பவரும் அதைத் தலையில் சுமந்து தட்டுமேட்டில் கொட்டும் பெண்களும் வெண்மையின் கூச்சத்தில் கண் நோகின்றனர். காலில் புண் ஆறுவதில்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அளம் மூடும், கூலியும் நிற்கும். ஊருக்கெல்லாம் மழை வரமாயிருக்க, இவர்க்கு மட்டும் அது வேலையிழப்பு. ராஜம் கிருஷ்ணன் இங்கு வந்து கண்டும் கேட்டும் எழுதிய 'கரிப்பு மணிகள்' 1979-இல் வெளிவந்தது. உப்பைப் பழமொழியாகவும் உவமையாகவும் மட்டுமே அறிந்திருந்த வாசகர்க்கு, அதன் பின்னாலிருந்த மனிதரை அந்நாவல் காட்டிற்று. கவிதை செய்யத் தவறியதை உரைநடை செய்த இடங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் ஜோ டி குருஸ் 2009-இல் வெளியிட்ட 'கொற்கை' என்னும் நாவல், தோணிகளையும் அவற்றை ஓட்டியவரையும் அத்தகைய விரிவோடு பதிவு செய்தது. 2013-இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

முத்தில்லா முத்துநகர்

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து சலாபங்கள் நடந்தன. 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. பார்களில் சிப்பி முன்போலப் படியவில்லை. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலார் இங்கே செயற்கை முறையில் முத்தை விளைவித்துக் காட்டினர். ஆயினும் அது சலாபத்தை மீட்டுத் தரவில்லை. முத்துநகர் என்னும் பெயர் நிலைத்தது; முத்து நிலைக்கவில்லை.

அதே காலத்தில் நகரின் முகம் மாறிற்று. 1975-இல் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1979-இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. இரசாயன ஆலைகள் பெருகின. ஆழமற்ற கடலில் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் கட்டிப் புதிய துறைமுகம் உருவாயிற்று. இவை பல்லாயிரம் குடும்பங்களுக்கு வேலை தந்தன, கல்வி தந்தன, வறண்ட கரிசல் ஊர்களின் இளைஞர் வெளியூர் செல்லாமல் வாழ வழி செய்தன. இதை மறுப்பது நன்றியன்று.

ஆயினும் எடுத்தவற்றின் கணக்கையும் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகவும் ஆலைக்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டப்பட்டன. இருபத்தொரு தீவுகளில் இரண்டு, விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், நீரில் மூழ்கிப் போயின. தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள வான்தீவு தேய்ந்து தேய்ந்து வந்தது. 2015 முதல் அதனைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கிக் காக்க வேண்டியதாயிற்று. முத்துச்சிப்பிக்கு வயது பார்த்துக் காத்திருந்த அதே கடற்கரை, பவளத்துக்கு வயது பார்க்கவில்லை. வெட்டியவரும் கூலிக்கு வெட்டிய ஏழைகளே; தீவு போனபோது மீன் இழந்தவரும் அவர்களே.

1996-இல் இயங்கத் தொடங்கிய தாமிர உருக்காலையின் கதை அனைவரும் அறிந்தது. காற்றும் நீரும் கெடுகின்றன என்னும் முறையீடும், அதற்கு ஆலையின் மறுப்பும், வழக்கும், தீர்ப்புமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2018 மே 22-ஆம் நாள், போராட்டத்தின் நூறாவது நாளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. அத்துப்பாக்கிச் சூடு பதின்மூவர் உயிரைக் கொண்டுபோயிற்று. மே 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. ஆலை மூடியதால் வேலை இழந்த ஒப்பந்தத் தொழிலாளரும் சரக்குந்து ஓட்டுநரும் அந்நகரத்து மக்களே என்பதையும் மறத்தலாகாது. ஆலை நடந்தபோது நோய்க்கு அஞ்சியவரும், ஆலை மூடியபோது பசிக்கு அஞ்சியவரும் பெரும்பாலும் ஒரே தெருவில் குடியிருந்தனர். இவ்விரு அச்சத்துக்கும் உரிய பங்கு எந்த ஏட்டில் எழுதப்பட்டது? கடல்கட்டிக்கு இருபதில் ஒரு பங்கு ஒதுக்கிய பழங்காலம், குளிப்பவனின் அச்சத்தையாவது கணக்கில் கொண்டது.

2023 டிசம்பர் நடுவில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு பதிவாயிற்று. நகரின் வீதிகள் நாள்கணக்கில் நீரில் கிடந்தன, உப்பளங்கள் வெள்ளக்காடாயின. 2024-இல் மின்வாகன ஆலைக்கும் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. நகர் மற்றொரு மாற்றத்தின் வாயிலில் நிற்கிறது. புதிய தொழில் வருவது நல்லதே. வரும் தொழில் ஒவ்வொன்றையும் அக்கடற்கரையின் பழைய மூன்று கேள்விகளால் அளந்து ஏற்க வேண்டும் என்பதே மரபு கற்பிக்கும் பாடம். எடுப்பதற்கு முன் பாரைப் பார்வையிட்டாயிற்றா? காத்திருக்க வேண்டிய ஆண்டில் காத்திருக்கிறதா? மூழ்குபவனுக்கு எத்தனையில் ஒரு பங்கு?

பாவலர் கடன்

இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் வேளையில், பாவலர்க்கு இதில் என்ன வேலை எனக் கேட்கலாம். வேலை உண்டு.

சங்கப் புலவர் நெய்தலைப் பாடியபோது முத்தை மட்டும் பாடவில்லை. பரதவரையும் அவர்தம் மீன் உணக்கும் மகளிரையும் பாடினர். உப்பை மட்டும் பாடவில்லை. வண்டியோட்டிய உமணரையும், சேற்றில் புதைந்த சகடத்தையும் பாடினர். பொருளும் அதனை ஈட்டியவரும் ஒரே பாட்டில் நின்றனர். பிற்காலத்தில் முத்து அணியாகவும் உவமையாகவும் மாறிப் பாட்டில் தங்கிவிட்டது. குளித்தவர் பாட்டிலிருந்து நழுவிவிட்டார். பல்லுக்கும் கண்ணீருக்கும் முத்தை உவமை கூறிய கவிஞர் எண்ணிலர். இழுகயிற்றைப் பிடித்திருந்த கையைப் பாடியவர் சிலரே.

இன்று பார்களின் பெயர்கள் முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. முத்தின் தரப் பெயர்களுள் ஆணிமுத்து நீங்கலாகப் பிற அகராதிக்குள் ஒதுங்கிவிட்டன. தோணிக்காரரின் காற்றுப் பெயர்களும், உப்பளத்தார் நீரின் நிறம் கண்டே பாகை சொல்லும் நுட்பமும், அவரவர் காலத்தோடு மறையக் காத்திருக்கின்றன. கட்டடம் இடிந்தால் கல்லாவது எஞ்சும். சொல் மறைந்தால் ஒன்றும் எஞ்சாது. அச்சொல் காத்து வைத்திருந்த அறிவும் அதனோடு போய்விடும். 'பார்' என்னும் சொல்லை அறியாத தலைமுறைக்கு, பாரைப் பார்த்துக் காத்திருந்த பொறுமையை எவ்வாறு விளக்குவது?

ஆதலின் இவ்வட்டத்தார் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு பணியை மேற்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை அரங்கை விட்டு வெளியேறி ஓர் உப்பளத்திற்கோ, தோணித்துறைக்கோ, சங்குக் குளிப்போர் வாழும் தெருவுக்கோ செல்லலாம். அங்கே கவிதை வாசிப்பதற்கு முன் கேட்க வேண்டும். கேட்ட சொற்களைச் சொன்னவரின் ஒப்புதலோடு குறித்துவைக்க வேண்டும். அவ்வாறு சேர்ந்த சொற்களைக் கொண்டு ஒரு சிறு நூல் வருமாயின், அது பாட்டுத் தொகுதி பலவற்றினும் நெடுநாள் வாழும். 1586-இல் பரதவர் தம் பங்கை அச்சுக்குக் கொடுத்தனர். அக்கடனைத் தமிழ் எழுத்துலகம் இன்னும் முழுதாகத் தீர்க்கவில்லை.

வட்டம் என்னும் சொல்லுக்கும் பங்கு என்னும் சொல்லுக்கும் உறவுண்டு. வட்டமாக அமர்ந்தால்தான் பங்கு சரியாகப் பிரியும். தலைமாடு கால்மாடு இன்றி அனைவர் கையும் நடுவிலுள்ள பொருளைத் தொடும். இவ்விலக்கிய வட்டம் அத்தகைய வட்டமாகத் திகழ்க. கடலோடியும் உப்பளத்துப் பெண்ணும் வந்தமர அதில் இடம் இருக்க.